பௌர்ணமிக்குப் பன்னிரண்டு பேர், மறுநாள் இரண்டே பேர்: அடி அண்ணாமலையில் ஒரு சின்னத் தோட்ட வீடு!

திருவண்ணாமலையில் உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறதென்றால், பௌர்ணமி எப்போது என்று காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு நாள் முன்பே போன் வந்துவிடும். ``அக்கா, இந்த மாசம் கிரிவலத்துக்கு வர்றோம். நாங்க நாலு பேர்தான். ஒரு ஓரமாப் படுத்துக்கறோம்.'' அடுத்த போன் சித்தப்பா வீட்டிலிருந்து. அதற்கடுத்தது சம்பந்தி வீட்டிலிருந்து. கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கும் அடி அண்ணாமலைப் பக்கம் நான்கு சென்ட், ஐந்து சென்ட் என்று மனை வாங்கி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே போய் இருக்கலாம், நான்கு வாழை, ஒரு முருங்கை, ஒரு மல்லிகைப் பந்தல் வைக்கலாம் என்பது கனவு. கனவைச் சுமந்துகொண்டு இன்ஜினீயரிடம் போனால், அவர் கேட்கும் முதல் கேள்வி: ``எத்தனை பெட்ரூம் சார்?''

அங்கேதான் கணக்கு தவறுகிறது. இருக்கப்போவது இரண்டு பேர். விருந்தாளிகளை நினைத்து மூன்று பெட்ரூம் போடுகிறோம். ஆண்டுக்கு 12 அல்லது 13 பௌர்ணமி. அந்த 13 இரவுகளுக்காகக் கட்டிய அறைகள் மீதி 352 இரவுகள் பூட்டிக் கிடக்கும். அவற்றைப் பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும். ஐந்து சென்ட் மனையில் மூன்று பெட்ரூம் வீடு நின்றுவிட்டால் தோட்டத்துக்கு மிஞ்சுவது துளசி மாடத்துக்கான இடம் மட்டும்தான்.

இரண்டு பேருக்கும் பொருந்த வேண்டும், பன்னிரண்டு பேர் வந்தாலும் தாங்க வேண்டும். அதற்கு வீட்டைப் பெரிதாக்கத் தேவையில்லை. அறைகளுக்குப் பெயர் வைப்பதைக் குறைத்தாலே போதும்.

கூடம் என்ற பழைய கெட்டிக்காரத்தனம்

நம் தாத்தா பாட்டி வீட்டில் `பெட்ரூம்' என்று ஓர் அறை இருந்ததா? இருந்தது கூடம். காலையில் அங்கே உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். மதியம் வரிசையாக இலை போட்டுச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். இரவு கோரைப்பாயை விரித்தால் அதுவே படுக்கையறை. பெண் பார்க்க வந்தால் வரவேற்பறை. நிச்சயதார்த்தம் என்றால் மண்டபம். ஒரே இடம், ஆறேழு வேலை.

இது நடந்ததற்குக் காரணம், சாமான்கள் தரையை அடைத்துக்கொண்டு நிற்கவில்லை. பாய் சுருண்டு மூலையில் நின்றது. தலையணை பரணுக்கோ பெட்டிக்கோ போனது. மாற்றுத்துணி மூங்கில் கொடியில் தொங்கியது. விளக்குக்குச் சுவரிலேயே மாடம் இருந்தது. குழந்தைக்கு உத்தரத்திலிருந்து தூளி இறங்கியது, குழந்தை வளர்ந்ததும் தூளி காணாமல்போனது. வாசலில் திண்ணை இருந்ததால், வந்தவர் போனவர் எல்லாரும் வீட்டுக்குள் நுழைய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லிவிடவும் முடியாது. கூடத்தில் தனிமை கிடையாது. புதிதாகக் கல்யாணமானவர்கள் பட்ட சங்கடம், உடை மாற்ற இடம் தேடிய பெண்கள், உடம்பு முடியாமல் எல்லார் கண்ணெதிரிலும் படுத்துக் கிடந்த பெரியவர்கள் என்று சொல்லப்படாத கஷ்டங்கள் அந்த வீடுகளில் ஏராளம். கழிவறை கொல்லையின் கடைசியில் இருந்தது, இல்லாமலும் இருந்தது. ஆகவே, கூடத்தின் வசதியை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத தனிமையைச் சேர்ப்பதுதான் இன்றைக்கு நாம் செய்ய வேண்டிய வேலை.

மலை மேலேயே ஒரு மாதிரி வீடு

சின்ன இடத்தில் எத்தனை பேர் இருக்க முடியும் என்பதற்கு அண்ணாமலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கிழக்குச் சரிவில், பெரிய கோயிலைப் பார்த்தபடி நிற்கும் ஸ்கந்தாசிரமம். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை அங்கே வாழ்ந்தார். கள்ளி மண்டிக் கிடந்த சரிவைத் திருத்தி, மண்ணைச் சமன்செய்து, அந்த இடத்தை உருவாக்கியவர் கந்தசாமி என்ற அன்பர். அவர் பெயரால்தான் அது ஸ்கந்தாசிரமம் ஆனது.

தரிசனத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அது பெரிய கட்டடம் இல்லை. சிறிய அறைகள், முன்னால் தாழ்வாரம், நிழலுக்கு மரங்கள், பக்கத்தில் ஊற்று நீர். மகரிஷியின் தாயார் அழகம்மாள் அங்கேதான் உடன் இருந்து சமையலைத் தொடங்கினார். அன்பர்களும் தங்கினார்கள், பார்க்க வருகிறவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். அறையின் கொள்ளளவைத் தாழ்வாரமும், தாழ்வாரத்தின் கொள்ளளவை மரத்தடியும் பெருக்கின. தோட்ட வீடு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

ஒரு தாய், ஒரு வித்தகர், ஒரு தோட்டக்காரர்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில், கணவரை இழந்து மூன்று குழந்தைகளுடன் இருந்த ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண்மணி, கெரிட் ரீட்வெல்ட் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து 1924-ல் ஒரு வீடு கட்டினார். அதன் மாடி, பகலில் ஒரே திறந்த கூடம். இரவானால் தடுப்புகளை இழுத்துவிட்டால் தனித்தனி அறைகள். அந்த வீடு இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னம்.

சண்டிகர் நகரத்தையே வடிவமைத்த லே கொர்பூசியே, தனக்கென்று பிரான்ஸின் கடற்கரையில் 1950-களின் தொடக்கத்தில் கட்டிக்கொண்ட விடுமுறைக் குடில் எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு பக்கம் 3.66 மீட்டர். அதாவது, 12-க்கு 12 அடி. கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே. சமையலறை மட்டும் கிடையாது. ஒட்டினாற்போல ஓர் உணவகம் இருந்தது!

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம், இலங்கையின் ஜெஃப்ரி பாவா. பெந்தோட்டைக்கு அருகே, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை 1940-களின் இறுதியில் வாங்கி, `லுனுகங்கா' என்ற தோட்ட வீடாக அரை நூற்றாண்டு காலம் செதுக்கிக்கொண்டே இருந்தார். அங்கே வீட்டுக்குள் செய்கிற காரியங்களைத் தோட்டம் முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தார். எந்த நேரத்தில் எங்கே நிழலும் காற்றும் இருக்குமோ, அங்கே ஒரு மேஜை. பணியாளர்களைக் கூப்பிட ஆங்காங்கே மணிகள்.

பாவாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மணியை அல்ல. ஒரு நாளின் வெயில் எங்கெங்கே நகர்கிறது என்று பார்த்து இடம் ஒதுக்கும் பழக்கத்தை.

வரைபடத்துக்கு முன்னால் ஓடையைப் பாருங்கள்

மலையடிவாரத்தில் கட்டுகிறவர்கள் அழகைப் பேசுவதற்கு முன் ஆபத்தைப் பேசிவிட வேண்டும். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

எனவே, மனை பார்க்கும்போது மலை எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதோடு, மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்றும் பாருங்கள். கோடையில் வெறும் பள்ளமாகத் தெரிவது ஐப்பசியில் ஓடையாகலாம். நில அளவைப் படத்திலும் கிராம வரைபடத்திலும் ஓடை, வாய்க்கால், குளம் எங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம், `பெருமழையில் இங்கே தண்ணீர் நின்றதுண்டா?' என்று கேளுங்கள். சரிவின் மேலேயே மனை சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வன எல்லைக்குப் பக்கத்தில் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். சமதளத்திலும் தரைமட்டத்தைச் சாலையைவிட இரண்டரை அடி உயர்த்துவது நல்லது.

அனுமதி விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. அளவு பொருந்தும். மனை அங்கீகாரம் பெற்றதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடி அண்ணாமலையின் அதிர்ஷ்டம்: மலை கிழக்கே!

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் எந்த இடத்தில் வீடு என்பதைப் பொறுத்து மலை வேறு வேறு திசையில் நிற்கும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு மலை மேற்கே. மலையைப் பார்த்து ஜன்னல் வைத்தால் சாயங்கால வெயிலும் சேர்ந்து வரும். அடி அண்ணாமலையில் நிலைமை தலைகீழ். மலை கிழக்கே நிற்கிறது. காலையில் சூரியன் மலையைத் தாண்டித்தான் வர வேண்டும். மலையைப் பார்த்த பக்கம்தான் மதியத்துக்குமேல் குளிர்ச்சியான பக்கமும்.

ஆனால், மேற்கே மறைக்க ஒன்றுமில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தொடும் ஊர் இது. மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மேற்குச் சுவர் வெந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டை இரவு முழுக்க வீட்டுக்குள் விடும். எனவே இந்த ஊருக்கு விதி எளிது: கிழக்கே திற, மேற்கே மூடு.

24-க்கு 24: ஒரு வீட்டின் கணக்கு

இந்த விதியை வைத்து ஒரு வீட்டை வரைந்து பார்ப்போம். 24 அடிக்கு 24 அடி சதுரம். மொத்தம் 576 சதுர அடி. மேஸ்திரி கணக்கில் ஆறு சதுரத்துக்கும் குறைவு. இவை சுவர்க் கனத்தைத் தனியாகக் கழிக்காத தோராய அளவுகள். உங்கள் மனைக்கேற்ப இன்ஜினீயர் திருத்துவார்.

கிழக்கிலிருந்து மேற்காக வீட்டை மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள்.

முதல் பட்டை, திண்ணை: 7 அடி அகலம், 24 அடி நீளம். மலையைப் பார்த்த பக்கம் முழுக்கத் திண்ணைதான். ஓட்டுச் சாய்ப்பு. உட்கார 18 அங்குல உயரத்தில், படுக்கும் அளவுக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு மேடை. 7 அடி அகலம் இருந்தால் கயிற்றுக் கட்டில் போட்ட பிறகும் நடக்க வழி இருக்கும்.

இரண்டாவது பட்டை, கூடமும் அடுப்படியும்: 12 அடி அகலம். தென்பக்கம் 7 அடியில் அடுப்படி. அதற்குக் கிழக்கே திண்ணையைப் பார்த்து ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். திண்ணை ஜன்னலுக்கு அகலமான கடப்பாக்கல் பலகை வைத்துவிட்டால் காபியை அங்கேயே நீட்டிவிடலாம். தென்கிழக்கு மூலையில் அடுப்பு அமைவதால் வாஸ்து பார்க்கிற மாமனாருக்கும் திருப்தி! மீதி 17 அடி நீளம் கூடம்.

மூன்றாவது பட்டை, மேற்குக் காவல்: 5 அடி அகலம். குளியலறையுடன் கழிவறை, சுவர் அலமாரிகள், அடுப்படிக்குப் பின்னால் பாத்திரம், துணி துலக்கும் இடம். நாள் முழுக்க யாரும் உட்காராத இடங்கள் எல்லாம் மேற்கே. வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். கூடத்துக்குச் சூடு வராது.

இப்போது கூடத்தைப் பாருங்கள். வடக்கே 7 அடி, தெற்கே 10 அடி என்று பிரிக்கும் இடத்தில் சுவர் கட்டாதீர்கள். உத்தரத்தில் தண்டவாளம் பொருத்தி, மடக்குக் கதவு அல்லது இழுப்புக் கதவு வையுங்கள். திறந்தால் 17-க்கு 12 அடிக் கூடம். மூடினால் 7-க்கு 12 அடியில் ஒரு தனியறை. மருமகள் குழந்தைக்குப் பால் கொடுக்க, பேரன் ஆன்லைனில் வேலை பார்க்க, பெரியவர் மதியம் கண்ணயர அது போதும். துணித்திரை போட்டால் செலவு குறையும், ஆனால் சத்தம் நிற்காது. தனிமை வேண்டுமென்றால் கதவுதான் சரி.

பெரும்பாலோர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. தடுப்பை மூடிய பிறகு கழிவறைக்கு யார் எப்படிப் போவது? ஒரு பக்கம் படுத்திருப்பவர் மறுபக்கம் தூங்குகிறவர்களைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால், அந்தத் தடுப்பை யாரும் மூடமாட்டார்கள். அதனால், தடுப்பு மேற்குச் சுவரைத் தொடும் இடத்துக்குப் பின்னால் 8 அடி நீளக் குளியலறை வரும்படி வையுங்கள். தடுப்பின் இருபுறமும் அதற்கு ஒவ்வொரு கதவு. உள்ளே போனவர் இரண்டு தாழ்ப்பாளையும் போட வேண்டும், வெளியே வரும்போது இரண்டையும் எடுத்துவிட வேண்டும். முதல் வாரம் மறப்பீர்கள், பிறகு பழகிவிடும். ஒரு கதவையாவது 3 அடி அகலத்தில் வையுங்கள். என்றைக்காவது வீட்டில் சக்கர நாற்காலி வந்தால் சுவரை இடிக்க வேண்டாம். கைப்பிடி பொருத்தும் இடத்தில் சுவரைக் கெட்டியாகக் கட்டச் சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளில் வீடு எப்படி மாறும்?

சாதாரண நாளில் காலை ஆறு மணிக்குத் திண்ணை, மலையைப் பார்த்தபடி காபி. பத்து மணிக்கு அதே திண்ணையில் கீரை ஆய்வது. மதியம் கூடத்தில் சாப்பாடு, பிறகு கதவுகளை ஒருக்களித்துவிட்டுத் தூக்கம். சாயங்காலம் மலையின் நிறம் மாறுவதைப் பார்க்கத் திரும்பவும் திண்ணை. சமைக்கும் நேரமும் மழை அடிக்கும் நேரமும் தவிர, வீட்டில் பாதி வாழ்க்கை திண்ணையில்தான் நடக்கும்.

பௌர்ணமி நாளில் தடுப்பைத் திறந்துவிடுங்கள். ஒருவர் படுக்க 3 அடி அகலமும் 6 அடி நீளமும் வேண்டும். 17 அடிக் கூடத்தில் ஐந்து பாய் ஒரு வரிசை, எதிரே இன்னொரு வரிசை போட்டால் 10 பேர். நடக்க வழி வேண்டுமென்று இரண்டு பாயைக் குறைத்தாலும் 8 பேர். திண்ணையில் 4 பேர். ஆக, பன்னிரண்டு. கிரிவலம் முடித்து விடியற்காலை வருகிறவர்களுக்குக் கால் கழுவத் திண்ணை ஓரத்தில் ஒரு குழாயும், செருப்பு விட ஒரு கற்படியும் இருந்தால் கூடம் சேறாகாது.

மறுநாள் பாய்கள் சுருளும். வீடு திரும்பவும் இரண்டு பேருடையதாகிவிடும்.

சாமான்கள்: சுவருக்குள் போகட்டும், மடங்கட்டும், சக்கரம் கட்டட்டும்

இந்த வீட்டின் எதிரி ஒன்றே ஒன்று, `கிங் சைஸ்' கட்டில். 6-க்கு 6.5 அடிக் கட்டில் ஒன்று உள்ளே வந்துவிட்டால் அந்த இடம் 24 மணி நேரமும் படுக்கைக்கே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தரையில் படுத்து எழ முடியாத முழங்கால் வலிக்காரர்களுக்கு 3 அடி அகலத்தில் இரண்டு திவான் போதும். பகலில் சோபா, இரவில் கட்டில், உள்ளே போர்வைப் பெட்டி.

பாய், மெத்தை, தலையணைக்கு மேற்குப் பட்டையில் 6 அடி நீள அலமாரி. மேலே பரண். பண்டிகைப் பாத்திரங்கள் அங்கே. சாப்பாட்டு மேஜை சுவரோடு மடங்கட்டும். கூடத்தில் உத்தரம் போடும்போதே இரண்டு இரும்புக் கொக்கிகளைப் பதித்துவிடுங்கள். இன்று ஊஞ்சல், நாளை பேத்திக்குத் தூளி. பிளக் பாயின்ட்டுகளைத் தடுப்பின் இருபுறமும் வையுங்கள். ஃபேனும் லைட்டும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி சுவிட்ச். இதை மறந்தால் பிறகு தளத்தைக் கொத்த வேண்டிவரும்.

சுவரும் கூரையும்: பேக்கர் காட்டிய வழி

இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, இந்தியக் குடிமகனாகவே ஆகிப்போன லாரி பேக்கர் (1917–2007) சிக்கனமான வீடுகளுக்கு இலக்கணம் எழுதியவர். அவர் பரப்பிய `ராட் ட்ராப்' கட்டுமுறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். 9 அங்குலச் சுவருக்குள் இடைவெளி உருவாகும். செங்கல் சுமார் 25 சதவிகிதம் மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று, வெயிலின் சூட்டைத் தடுக்கும். நம் மேற்குச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால், இதில் பழகிய கொத்தனார் வேண்டும். முதல் வரிசையைக் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

கூடத்தின் மேல் `ஃபில்லர் ஸ்லாப்' போடலாம். தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லாத இடங்களில் பழைய ஓடுகளை வைத்துக் கட்டுவது அது. கான்கிரீட் குறையும், சூடும் குறையும். மேலே வெள்ளைத் தட்டோடு பதியுங்கள். முழு வீட்டுக்கும் ஓட்டுக்கூரை போட்டால் அழகுதான், ஆனால் திருவண்ணாமலைக் குரங்குகள் உங்களைக் கேட்காமலேயே ஓடு மாற்றும் வேலையைத் தொடங்கிவிடும்! திண்ணைச் சாய்ப்போடு ஓட்டை நிறுத்திக்கொண்டால் சமாளிக்கலாம். அத்தோடு, இந்த ஊரில் மொட்டைமாடி இல்லாத வீடா? மலை உச்சியில் மகா தீபம் 11 நாள் எரியும்போது பார்க்க மாடி வேண்டாமா? வடக்கே வெளிப்பக்கமாகப் படி வையுங்கள். வீட்டுக்குள் இடம் அடைபடாது. பிற்பாடு மேலே ஓர் அறை தேவைப்பட்டாலும் தனி வழி தயாராக இருக்கும். அந்த எண்ணம் இருந்தால் அஸ்திவாரம் போடும்போதே இன்ஜினீயரிடம் சொல்லிவிடுங்கள்.

கூடத்தின் கூரை 11 அடி உயரம், மேற்குப் பட்டையின் கூரை 8 அடி உயரம் என்று வைத்தால், இரண்டுக்கும் நடுவே சுவர் தெரியும். அதில் ஜாலி விடுங்கள். மேலே ஏறும் சூடான காற்று அங்கே வெளியேறும், கீழே திண்ணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். ஜாலிக்குப் பின்னால் கொசுவலைக் கம்பி கட்டாயம். தோட்ட வீட்டில் காற்று மட்டும் உள்ளே வராது. தேளும் பூரானும் வரும்.

தோட்டமும் தண்ணீரும்

2,178 சதுர அடியில் வீடு 576 போக 1,600 சதுர அடி மிச்சம். அதுதான் உங்கள் இன்னொரு வீடு. மேற்கே சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி வேம்போ புங்கையோ வையுங்கள். சில ஆண்டுகளில் சாயங்கால வெயிலை அது பார்த்துக்கொள்ளும். பாத்திரம் துலக்கும் தண்ணீர் போகும் இடத்தில் வாழையும் சேம்பும். முருங்கை அவசியம், ஆனால் திண்ணைக்குப் பக்கத்தில் வேண்டாம். கம்பளிப்பூச்சியும் ஒடியும் கிளையும் தொல்லை. தென்னையை ஓட்டுச் சாய்ப்பின் தலைமேல் வைக்காதீர்கள். கிழக்கே உயரமான மரமே வேண்டாம், மலை மறைந்துவிடும். மல்லிகை, செம்பருத்தி, கத்திரி, வெண்டையோடு நிறுத்துங்கள்.

மழைநீர்ச் சேகரிப்பு தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. கட்டாயத்துக்காகச் செய்யாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஊரின் மழையை ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 576 சதுர அடிக் கூரையில் விழுவது ஏறக்குறைய 53,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 42,000 லிட்டர். கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வீடு வளரும் வேண்டாம், மாறினால் போதும்

இந்த வீட்டை இன்று ஒரு தம்பதிக்காகக் கட்டுகிறோம். ஐந்தாண்டு கழித்து அம்மா வந்து நிரந்தரமாகத் தங்கலாம். அப்போது வடக்குப் பகுதி அவர் அறை, பக்கத்திலேயே கழிவறைக் கதவு, ஜன்னலைத் திறந்தால் தோட்டம். பிறகு பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள். தடுப்பு திறக்கும், கூடம் மைதானமாகும். ஒருவேளை ஒருநாள் ஒருவர் மட்டுமே மிஞ்சலாம். அப்போதும் 576 சதுர அடியை ஒற்றை ஆளாகப் பெருக்கித் துடைத்துவிட முடியும். பூட்டிய அறைகளின் இருட்டு அவரைப் பயமுறுத்தாது. நடுத்தர வயதில் வீடு கட்டும்போது நாம் யோசிக்க மறப்பது இதைத்தான்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மனையில் சுண்ணாம்புப் பொடியால் இந்த 24-க்கு 24 அடிக் கோட்டை அளந்து போடச் சொல்லுங்கள். உள்ளே திண்ணை, கூடம், அடுப்படி, குளியலறைக் கோடுகளையும் இழுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரையும், முக்கியமாகத் தினமும் சமைப்பவரையும், வயதில் மூத்தவரையும் அழைத்துப்போங்கள். கூடத்துக் கோட்டுக்குள் இரண்டு பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். அடுப்படிக் கோட்டுக்குள் நின்று கையை வீசிப் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு வெயில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பாருங்கள். எங்கே இடிக்கிறதோ, அங்கே கோட்டை அழித்துத் திருத்துங்கள். சுண்ணாம்புக் கோட்டை அழிக்கக் காலே போதும்; செங்கல் சுவர் எழும்பிவிட்டால் கடப்பாரை வேண்டும்.